ஊரோடு ஒத்துப் போதல்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் நகரத்தை அடுத்துள்ள நெளுக்குளம் போன்ற ஊர்களை அறிந்தவர்களுக்கு, வன்னியின் குடியிருப்புகள் ஒரே காலத்தில் ஒரே கூட்டத்தாரால் உண்டானவை அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். குளத்தை நம்பிக் கமஞ்செய்து வந்த பழைய குடிகளும், 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத் தோட்டங்களை விட்டுக் காந்தீயம் இயக்கத்தின் கைபிடித்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும், யுத்தத்தினால் ஒரு முறையன்றிப் பன்முறை இடம்பெயர்ந்தவர்களும் வவுனியா மாவட்டத்தில் அயலவராயினர். இத்தகைய இடத்துக்குப் புதிதாய் வரும் குடும்பம் முதலிலே தேடுவது கொள்கையை அன்று. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போட ஆள் வருமா, மரண உதவிச் சங்கத்தில் பெயர் பதிவார்களா, மகளின் கலியாணத்துக்கு யார் முன்னின்று பேசுவார் என்பவற்றையே அது தேடுகிறது. எந்தக் கோயிலில் கும்பிடுவது, எந்தச் சபையில் ஜெபிப்பது, எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுவது என்ற வினாக்களுக்குப் பிற்பாடு பிறக்கும் விடைகளில் இந்தத் தேடலின் சுவடு பதிந்திருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மனிதன் ஒரு தத்துவத்தை ஆராய்ந்து, அது சத்தியமெனத் தெளிந்து, அதன் பிறகே அதை ஏற்றவர்களோடு கூடுகிறான் என்பது சமயப் பிரசாரகரும் அரசியற் பிரசங்கிகளும் ஒருங்கே விரும்பும் சித்திரம். கொரியாவிலே தோன்றி அமெரிக்காவுக்கு அப்போதுதான் வந்திருந்த ஒரு சிறு சமயக் குழுவை அருகிருந்து கவனித்து, ஜோன் லொஃப்லண்ட், ரொட்னி ஸ்டார்க் என்னும் சமூகவியலாளர் இருவர் 1965 இல் வெளியிட்ட ஆய்வு இச்சித்திரத்தைத் தலைகீழாக்கியது. குழுவினரோடு உண்டான நட்பு வெளியுறவுகளினும் வலுத்தபோதே ஆட்கள் அதிற் சேர்ந்தனர். போதனையின்பால் பிடிப்பு அந்த நட்பின் துணையோடுதான் வளர்ந்தது. யுத்தத்தின் பின் மதம் மாறியோரைப் பார்த்து, ஒரு மாப்பைக்கற்றுக்காக மாறினர் என்று ஏளனஞ் செய்வோர், கணவனைக் காணாமல் தேடி அலைந்த பெண்ணின் வாசலில் முதலில் வந்து குந்தியிருந்து அழுதவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

நம் கோயில்களின் நிலையும் வேறன்று. தமிழ்நாட்டின் தென்பகுதியில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்த எலினோர் பவர் என்னும் மானிடவியலாளர், யார் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறார், யார் தீமிதித்து நேர்த்தி தீர்க்கிறார் என்பதோடு, அவசரத்துக்கு யாரை நாடுவீர்கள் என்பதையும் மக்களிடம் விசாரித்து, முடிவுகளை 2017 இல் வெளியிட்டார். பலரறிய அனுஷ்டானம் செய்பவர்களை அயலவர் பக்தர்கள் என்று மட்டுமன்றி நற்குணமுடையவர்கள் என்றும் மதித்ததோடு, உதவிக்கும் அவர்களையே அதிகமாக நாடினர். வற்றாப்பளையில் வைகாசி விசாகப் பொங்கலன்று காவடியெடுத்து ஆடுபவன் அம்மனுக்கு மாத்திரமா தன்னைக் காட்டுகிறான்? இப்படிக் கேட்பது பக்தியைப் பொய்யென்று சொல்வதாகாது. வேண்டுதல் மெய்யாயிருக்க, அதன் பக்கப்பயனாக ஊராரின் நம்பிக்கையும் கிட்டுகிறது என்பதே பொருள். ஆயின் இதற்கொரு மறுபுறமும் உண்டு: கும்பிடாதவன் தெய்வத்தின் அருளோடு அயலாரின் கைமாற்றையும் இழக்க நேரலாம்.

விலக்கப்படுதலின் வேதனையை விஞ்ஞானிகள் ஒரு விளையாட்டின் மூலம் பரீட்சித்திருக்கின்றனர். கிப்லிங் வில்லியம்ஸ் வகுத்த அக்கணினி விளையாட்டில் மூவர் பந்தை மாறி மாறி எறிவர். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் நமக்கு எறிவதை நிறுத்திவிடுவர். உடல்நோவின் துயரத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதி அவ்வேளை அதிகமாக இயங்கியதென்று 2003 இல் வெளியான ஆய்வு பெரும் பிரசித்தி பெற்றது. அதிற் பங்குபற்றியவர் 13 பேரே என்பதையும், அதன் வியாக்கியானம் இன்றும் விவாதத்துக்குரியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு முடிவு. தாம் வெறுக்கும் நிறவெறிக் கூட்டமொன்றைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் பந்தை எறியாது விட்டபோதும் மனிதர்கள் நொந்தனர்.

இனி, சொலமன் ஆஷ் 1950களில் அமெரிக்க மாணாக்கரிடையே நடத்திய பரிசோதனைக்கு வருவோம். ஓர் அட்டையிலுள்ள கோட்டுக்கு நிகரான நீளமுடையது மற்றோர் அட்டையிலுள்ள மூன்று கோடுகளுள் எதுவெனச் சொல்ல வேண்டும்; தனியே கேட்டால் நூற்றுக்கு ஒருமுறைகூடப் பிழை நேராத எளிய வினா. ஆனால் அறையிலிருந்த மற்ற யாவரும், ஆஷுடன் முன்கூட்டியே பேசிவைத்தபடி, ஒரே பிழையான விடையைக் கூசாமல் சொன்னபோது, விஷயமறியாத அந்த ஒரு மாணவன் ஏறத்தாழ மூன்றிலொரு தடவை தன் கண்ணை மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்தான். நான்கில் மூவர் ஒரு முறையேனும் வழுவினர். ஒருவர் எக்காலும் வழுவவில்லை. பின்னர் விசாரித்தபோது, தம் பார்வையே பழுதோ என்று ஐயுற்றவர்களும், பிழையென்று தெரிந்தும் தனித்து நிற்கக் கூசியவர்களும் இருந்தனர். 1996 இல் 17 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், குடும்பத்தையும் கூட்டத்தையும் முதன்மையாய்க் கொண்ட சமூகங்களில் இந்த இணக்கம் கூடுதல் என்றனர்.

ஆஷின் பரிசோதனையில் பலரும் மறந்துவிடும் பகுதியொன்றுண்டு: கூட்டத்திலே ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் மாணவனின் வழுவல் காற்பங்காகச் சுருங்கிற்று, அத்துணைவர் இடையிலே விலகியதும் மீண்டும் பெருகிற்று.

அரசியலில் இக்கணக்கின் விலை நமக்குத் தெரியாததன்று. கட்சி விசுவாசம் அறிவை மறைப்பதை 2003 இல் ஜெஃப்ரி கோஹன் காட்டினார். ஒரே நலத்திட்டத்தைத் தம் கட்சி ஆதரிக்கிறதென்று கேட்டபோது புகழ்ந்தும், எதிர்க்கட்சி ஆதரிக்கிறதென்று கேட்டபோது இகழ்ந்தும் நின்ற மாணவர்கள், தாம் திட்டத்தின் தன்மையையே சீர்தூக்கியதாக நம்பினர். நம்மிடையே அந்த விசுவாசத்தின் காவலனாக நெடுங்காலம் நின்றது ‘துரோகி’ என்னும் பட்டம். அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒருசேர விமர்சித்த ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களுள் ஒருவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் மறுப்பாளரை வீழ்த்துவோர் ஒரு குரலை மாத்திரம் அடக்குவதில்லை. அக்குரலைக் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்கக்கூடிய பலரையும் அடக்கிவிடுகின்றனர் என்பது ஆஷின் கணக்கைப் பார்த்தாலே விளங்கும்.

இதற்காக ஊரை விட்டு ஓடச் சொல்வது பேதைமை. கூடி வாழாமல் வன்னியில் ஒரு போகமும் விளையாது. ஆனால் ஆஷ் மற்றுமொன்றைக் கண்டார்: விடையை வாயாற் சொல்லாமல் தாளில் எழுத விட்டபோது மாணவரின் வழுவல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஆலய பரிபாலன சபையினரிடமும், கமக்காரர் அமைப்பினரிடமும், கிராம அபிவிருத்திச் சங்கத்தாரிடமும் என் விண்ணப்பம் இதுவே: அடுத்த பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்லுமுன், ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்துப் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள்.