உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள் ஆமைத் தொட்டி

மீன் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு நீந்துகிற பச்சைக் குட்டியின் பெயர் செங்காது ஆமை. பூர்விகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை. வளர்ந்துவிட்டால் பெண்ணின் ஓடு 10 முதல் 12 அங்குலம் வரை நீளும். ஆண் 8 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட இருக்கும்.

◆ குட்டி ஆணா, பெண்ணா என்று விற்பவருக்கும் தெரியாது. ஓடு 4 அங்குலத்தை எட்டும்போதுதான் ஆணுக்கு முன்னங்கால் நகம் நீண்டு, வால் தடித்து அடையாளம் தெரியவரும். முட்டை இருந்த இடத்தின் சூடே இதை முடிவு செய்கிறது: 26 டிகிரி செல்சியஸில் ஆண், 31 டிகிரியில் பெண். தொட்டி வாங்கும்போது பெண் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

◆ “தொட்டி எவ்வளவோ, ஆமையும் அவ்வளவுதான் வளரும்” என்பது கடைப்பேச்சு. நம்பாதீர்கள். நெருக்கடியான தொட்டியில் அழுக்குத் தண்ணீரும், அதனால் வரும் ஓட்டு நோயும், கண் வீக்கமும்தான் மிச்சம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொன்ன ஊரிலேயே, வாஸ்துக்கு நல்லது என்று அதே ஆமையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். ஆமையின் பக்கமிருந்து பார்த்தால், உருப்படாமல் போவது அதுதான்.

◆ சரி, எவ்வளவு பெரிய தொட்டி? வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 38 லிட்டர். 10 அங்குலப் பெண்ணுக்கு 380 லிட்டர் வேண்டும். நம் கடைகளில் அடிக் கணக்கில் விற்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் பிடிக்கும். எல்லாரும் முதலில் வாங்குகிற 2 அடி நீள, 1 அடி அகல, 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் 57 லிட்டரைத் தாண்டாது. அது ஒன்றரை அங்குலக் குட்டிக்குத்தான் போதும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 450 லிட்டர். ஆனால் ஆமை ஏறிக் குதிக்காமல் இருக்க மேலே அரை அடி விட வேண்டும்; கையில் நிற்பது 340 லிட்டர். வெயில் காயும் மேடையைத் தொட்டிக்குள் வைத்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் அதைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே பொருத்தி, ஏறிப்போக ஒரு சாய்தளம் வைக்கிறார்கள்.

◆ அந்த 340 லிட்டர் தண்ணீரின் எடை 340 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 450 கிலோவை நெருங்கும். வீட்டு அறையின் தளத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நம் தொட்டி முக்கால் சதுர மீட்டரில் உட்காருகிறது! தரைத்தளம் என்றால் கவலையில்லை. மாடி என்றால் அறையின் நடுவைத் தவிர்த்து, பீம் போகும் சுவரையொட்டி வையுங்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், பொறியாளரிடம் கேட்காமல் வைக்கவே வேண்டாம்.

◆ கண்ணாடியில்தான் வளர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பலர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பிளாஸ்டிக் தொட்டியை வீட்டுக்குள் வைத்து ஆமை வளர்க்கிறார்கள். 100, 150, 300 கேலன் அளவுகளில் கிடைக்கும். நம்மூரில் 500 லிட்டர் தண்ணீர் டேங்கை மேலே அறுத்து எடுத்துவிட்டால் அதே வேலையைச் செய்யும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய ஹோஸ் குழாயை நீளவாக்கில் பிளந்து அதன்மேல் மாட்டிவிடுங்கள். அடியில் ஓர் அங்குல வால்வு வைத்துக்கொண்டால் வாளி வாளியாக மொள்ள வேண்டாம். பெரிய தொட்டி வாங்கியவர்கள் சலித்துப்போவது இந்த இடத்தில்தான் என்பேன். பக்கவாட்டில் பார்த்து ரசிக்க முடியாதுதான். ஆமைக்கோ, தெரிந்தும் தெரியாத கண்ணாடிச் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும் தொல்லை இல்லை. புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். தண்ணீரை நிரப்பி, கொட்டி, பலமுறை ஊறப்போட்ட பிறகே ஆமையை விட வேண்டும்.

◆ ஆழம் குறைந்தபட்சம் ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மல்லாந்துவிட்டால் தானே புரண்டு நிமிர அது போதும். அடியில் கூழாங்கல் போடுகிறவர்கள் ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாகப் பார்த்துப் போடட்டும். சின்னக் கல்லை விழுங்கிவிடும்.

◆ ஜன்னலோரம் வைத்து, வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஓடு உறுதிப்பட வைட்டமின் டி தேவை. அதை உடலில் உண்டாக்குவது சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கண்ணாடியைத் தாண்டி வருவது சூடு மட்டும்தான், சித்திரை மாதத்தில் அதுவே தொட்டியை வெந்நீராக்கிவிடும். மேடைக்கு மேலே புற ஊதா-பி விளக்கு ஒன்று வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால், குழல் விளக்காக இருந்தால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மாற்றிவிடுவது வழக்கம்.

◆ ஹீட்டர்? ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் யோசிக்கலாம். சென்னைவாசிகளே, அந்தக் காசை ஃபில்டரில் போடுங்கள். தண்ணீருக்குள் இருந்தால்தான் இந்த ஆமையால் இரையை விழுங்க முடியும். சிதறியது, கழித்தது எல்லாமே அதே தண்ணீரில்தான். தொட்டி 340 லிட்டர் என்றால், 700 முதல் 1,000 லிட்டர் வரையிலான தொட்டிக்கு என்று அட்டையில் போட்டிருக்கும் ஃபில்டரை எடுங்கள்.

◆ குளத்தில் பிடித்த பாலாமையை வளர்க்கலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

◆ ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது. ஆமையின் உடலில் நோய்க்குறி எதுவும் காட்டாமல் தங்கியிருக்கும் சால்மோனெல்லா கிருமி, அந்தக் குட்டிகளை வாயில் வைத்த குழந்தைகளுக்குத் தொற்றியதுதான் காரணம். ஆகவே தொட்டியையோ ஃபில்டர் பஞ்சையோ சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். வடித்த தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.