வாஞ்சூர் தாண்டினால் ரேஷன் வேறு

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே வரும் பேருந்து காரைக்கால் எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தொட்டதும் மதுக்கடைப் பலகைகள் வரிசைகட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். இங்கே தனியார் கடைகள். காரைக்காலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவது பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். எனக்கு விசித்திரமாகப் பட்டது அரிசி விவகாரம்.

நம் வீட்டுக்குள் சர்க்கார் எவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தால் உறைப்பதில்லை. டெல்டாவில் குறுவையோ சம்பாவோ அறுத்ததும் நெல் போவது நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையத்துக்கு. விலை அரசு சொல்வதுதான்: 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி கொட்டிக் காயவைக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும். எடை போட நாள் கணக்கில் சாலையோரம் காவல் கிடப்பதைப் பற்றிப் புலம்பாத விவசாயியைப் பார்ப்பது அரிது. அந்த நெல்தான் அரவை ஆலை சுற்றி ரேஷன் கடைக்கு வந்து, 2011 ஜூன் முதல் காசில்லாமல் நம் பையில் விழுகிறது. கூடவே துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கு. விதைப்பும் சமையலும் நம் பாடு. இடையில் இருப்பது பெரும்பாலும் சர்க்கார்.

காரைக்காலிலும் அதே காவிரித் தண்ணீர், அதே வண்டல். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி இருந்ததால் நிர்வாகம் மட்டும் புதுச்சேரியோடு. சோற்றுக்கு அது சின்ன வித்தியாசமில்லை. 2015 செப்டம்பரில் உணவு மானியத்தைப் பொருளாகத் தராமல் வங்கிக் கணக்கில் போடும் திட்டம் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. அதற்குமேல் புதுச்சேரி அரசு தரும் இலவச அரிசியை அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றார் பின்னர் முதல்வரான நாராயணசாமி. பணம்தான் என்றார் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பணமே வென்றது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன.

கணக்கில் விழும் பணம் நவீனமானது, திருட முடியாதது என்பார்கள். வாதம் சரிதான். ஆனால் கடையில் அரிசி விலை ஏறினால் அந்தத் தொகை தானாக ஏறாது. பணம் எந்தச் செலவில் கரைந்தது என்றும் தெரியாது. ரேஷன் கடையில் புழு அரிசி போட்டால் விற்பனையாளரிடம் நின்று சத்தம் போடலாம். குறுஞ்செய்தியிடம் யார் சத்தம் போடுவது?

2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் பெண்கள் ரேஷன் கடையைத்தான் கேட்டார்கள். ஆளும் கூட்டணியின் வேட்பாளர் நமச்சிவாயம் தோற்றார். அந்தத் தீபாவளிக்கே கடைக் கதவுகள் திறந்தன: அட்டைக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை, இலவசமாக.