கேமரா சென்சாரில் படியும் தூசி: எதைக் கொண்டு நீக்குவது?

கல்யாணத்தில் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, வானத்திலோ வெள்ளைச் சுவரிலோ மங்கலான ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அடுத்த படத்திலும் அதே மூலையில் அதே புள்ளி. லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் அது போவதில்லை. காரணம், தூசி லென்ஸில் இல்லை. உள்ளே இருக்கும் சென்சாரின் மேல் இருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், வெளிநாடு போன பிள்ளைகள் விட்டுச் சென்ற லென்ஸ் மாற்றும் கேமராக்கள் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய விதவிதமான சாதனங்களும் விற்கிறார்கள். எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்ப்போம். (கைபேசி வைத்திருப்போருக்கு இந்தக் கவலை இல்லை. அதில் சென்சார் மூடியே இருக்கிறது. வெளிக் கண்ணாடியைத் துடைத்தால் போதும்.)

தூசி இருக்கும் இடம்

தூசி சென்சாரின் மீது நேராக உட்காருவதில்லை. சென்சாருக்கு முன்னால் பூச்சு பூசிய மெல்லிய ஃபில்டர் கண்ணாடி ஒன்று உண்டு. தூசி அதன் மேல் படிகிறது. அதன் நிழல்தான் படத்தில் விழுகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் விரலின் நிழல் மங்கலாகவும், சிறிய டார்ச் வெளிச்சத்தில் கூர்மையாகவும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே லென்ஸின் துவாரம் பெரிதாக இருந்தால் தூசி தெரியாது, சுருக்கினால் தெரியும்.

எனவே சோதனை எளிது. துவாரத்தை எஃப் 16 அல்லது எஃப் 22 அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் படமெடுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி இருந்தால், கேமராவை முன்புறமிருந்து பார்க்கும்போது தூசி கீழ் இடது மூலையில் இருக்கும்.

எஃப் 16-ல் மட்டும் லேசாகத் தெரிந்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் எஃப் 4, எஃப் 5.6-ல் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களிலும், ஒவ்வொரு தூசிக்கும் கருவியைப் பிரிப்பதில்லை. சீராக வெளிச்சம் பரவிய ஒரு பரப்பைத் தனியே படமெடுத்து, அதில் விழும் தூசியின் நிழலைக் கணக்கிட்டு, விண்மீன் படங்களிலிருந்து நீக்கிவிடுவது வானியலாரின் வழக்கம். நாமும் ஒன்றிரண்டு புள்ளிகளைக் கணினியில் அழித்துவிடலாம்.

நம் ஊர்த் தூசி

சித்தூர் மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளும் கல் மெருகேற்றும் பட்டறைகளும் உண்டு. கிரானைட்டில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. இத்தகைய துகள் மேலே இருக்கும்போது துணியால் தேய்த்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஃபில்டரில் கீறல் விழுந்தால் அது போகாது. மாற்றும் செலவில் ஒரு பழைய கேமராவே வாங்கிவிடலாம். ஆகவே தொடாத முறை முதலில், தொடும் முறை கடைசியில் என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

வரிசைப்படி சாதனங்கள்

1. கேமராவின் சொந்த வசதி: சென்சாரின் முன்கண்ணாடியை வேகமாக அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் வசதி, 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்தது. இன்று பல கேமராக்களில் இருக்கிறது. முதலில் அதை இரண்டு மூன்று முறை இயக்குங்கள்.

2. ரப்பர் ஊதுகுமிழ்: முதலில் வாங்க வேண்டியது இதுதான். காற்று உள்ளே வரும் வழியில் வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்த பின் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். குமிழின் முனை உள்ளே போய்க் கண்ணாடியில் படக் கூடாது. பெரும்பாலான தூசி இதிலேயே போய்விடும்.

3. ஈர ஸ்வாப்: ஊதியும் போகாத ஒட்டும் அழுக்குக்கு மட்டும். ஹோமப் புகையில் நெய்ப்பசை இருக்கும். அது காற்றுக்கு அசையாது. ஸ்வாப்பின் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 36-க்கு 24 மில்லிமீட்டர் ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு 24 மில்லிமீட்டர்; ஏபிஎஸ்-சி வகைக்கு 16. சென்சாருக்கென்றே விற்கும் திரவத்தில் ஓரிரு சொட்டு விட்டு, ஒரு பக்கத்தால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. மறுபக்கத்தால் திரும்ப ஒரே இழுப்பு. பிறகு அந்த ஸ்வாப்பை எறிந்துவிடுங்கள். மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை. இத்திரவம் பெரும்பாலும் மெத்தனால், விஷம், தீப்பற்றும். அடுப்பருகிலும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள்.

கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவானால், பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் நிலையில் வைத்த பிறகே இரண்டாவது, மூன்றாவது முறைகளைத் தொடங்குங்கள். நடுவில் சக்தி தீர்ந்தால் கண்ணாடி ஸ்வாப்பின் மேல் விழும்.

தவிர்க்க வேண்டியவை

வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காது குடையும் பஞ்சில் நூலிழை உதிரும். வேட்டி நுனி, டிஷ்யூ காகிதம், சாதாரண ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். டப்பாவில் அடைத்த காற்றிலிருந்து திரவம் பீய்ச்சிக் கறை படியலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை நினைத்தும் பார்க்காதீர்கள். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். கம்ப்ரஸரின் எண்ணெயும் சேரும். ரயில் பிரேக் காற்றுக் கலங்களில் நீரை வடிக்கவென்றே தனிக் குழாய் வைத்திருப்பது இதனால்தான்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சீக்கிரம் மாற்றுங்கள். ஊதுகுமிழுக்குப் பிறகும் புள்ளி போகாமல், ஸ்வாப் பிடிக்கக் கை நடுங்குமானால், தேர்ந்த பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். பேரப்பிள்ளைகளின் காதுகுத்துப் படங்கள் புள்ளியில்லாமல் அமைய வாழ்த்துக்கள்.