முறிந்த என்பும் வளைந்த ஊசியும்

சில காலத்துக்கு முன்னர் இரண்டு வயதுள்ள வீட்டு நாயொன்று என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டது. மோட்டார் வண்டி மோதி அதன் தொடையென்பு நடுவிலே முறிந்திருந்தது. என்பின் உட்குழியில் உருக்கு ஊசியொன்றைச் செலுத்தி, முறிவை நேராக்கி அனுப்பிவைத்தேன். நாலாம் நாளே நாய் காலை ஊன்றத் தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் ஓடவும் முற்பட்டது. இனியும் கட்டிவைப்பது பாவம் என்று கருதிய வீட்டுக்காரர் அதனை அவிழ்த்துவிட்டார். அணிலொன்றைத் துரத்திய நாய் மதிலிலிருந்து குதித்தது. மறுநாள் எடுத்த எக்ஸ்கதிர்ப் படத்தில் ஊசி வில்லைப்போல் வளைந்திருந்தது. “ஐயா, கொஞ்சம் உறுதியான கம்பியாகப் போட்டிருக்கக்கூடாதா?” என்று அவர் கேட்டார்.

கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு உரிய விடையையே இன்று கூற விரும்புகின்றேன்.

உலோகம் என்பை ஒட்டவைப்பதில்லை. ஒட்டவைப்பது உடம்பே. என்பு முறிந்தவுடன் அவ்விடத்திற் குருதி கசிந்து உறைகின்றது. அவ்வுறைவினுள்ளே புதிய குருதிக் குழாய்கள் புகுகின்றன. முதலில் நாரிழையமும், பின்னர் கசியிழையமும், ஈற்றில் என்பும் அங்கே உருவாகின்றன. மூன்று மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியில் இவ்வேலை இரண்டு மூன்று வாரங்களில் ஒருவாறு நிறைவெய்தும். ஒரு வயதைக் கடந்த நாய்க்கோ ஏழு முதற் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். சிலவேளை அதனினும் மிகும். அதுவரையில் முறிந்த துண்டுகளை அசையாது பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே உலோகத்தின் தொழில்.

மெல்லிய கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் அது அற்றுவிடுமென்பதைச் சிறுவரும் அறிவர். நாய் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் உள்ளே இருக்கும் உலோகத்தைச் சிறிதளவு வளைத்துவிடுகின்றது. ஒருநாளில் எத்தனை ஆயிரம் அடிகள்! உலோகம் களைத்து முறிவதற்கு முன்னர் என்பு ஒன்றுசேர்ந்துவிட்டால் வெற்றி. என்பு பிந்தினால், எவ்வளவு உயர்ந்த உருக்காயினும் ஒருநாள் முறிந்தே தீரும். நாய் நன்றாக நடக்கின்றதென்பது என்பு பொருந்திவிட்டதற்குச் சான்றாகாது. ஊசி சுமையைத் தாங்குகின்றது என்பதற்கே சான்றாகும். இந்த வேறுபாடு வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனை விளக்கிச் சொல்லாதது என் குறையே.

ஊசியின் பருமனைப் பற்றியும் அவர் கேட்டாரல்லவா? உருண்டையான ஊசியொன்றின் விட்டத்தை இருமடங்காக்கினால், வளைவை எதிர்க்கும் அதன் திறன் பதினாறு மடங்காகும். எனவே தடித்த ஊசி நல்லதே. ஆயினும் என்பின் உட்குழியை முற்றாக அடைத்துவிட்டால், உள்ளிருந்து என்பை ஊட்டும் குருதிக் குழாய்கள் சிதையும். மேலும் ஊசி எவ்வளவு தடித்ததாயினும், தன்னைச் சுற்றி என்புத்துண்டு திருகுவதை அதனாற் தடுக்கமுடியாது. அது மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, இடுப்புக்கருகே தோலின் கீழ் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. அவ்விடத்திற் காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு ஓடுகின்றபடியால், அதில் ஊசி உராய்ந்தால் நாய் வலியாற் துடிக்கும், காலும் செயலிழக்கும்.

இத்தகைய ஊசியை மனிதர் தொடையென்பில் நாட்டி வழிகாட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கேர்ஹாட் குன்ச்சர், ஆண்டு 1939. அதே காலப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒட்டோ ஸ்டேடர் என்னும் மிருக வைத்தியர் வேறொரு வழியைக் கண்டார். கட்டு எதைப் போட்டாலும் நாய் கடித்துப் பிய்த்துவிடுமல்லவா? அவர் முறிவுக்கு மேலும் கீழும் தோலினூடாக என்பிற் சிறு கம்பிகளைச் செலுத்தி, அவற்றை வெளியே ஒரு சட்டத்தினாற் பிணைத்தார். நாய்களுக்கென எழுந்த அச்சாதனத்தை இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை வைத்தியர்கள் மனிதருக்கும் கையாண்டனர். மிருக வைத்தியம் மனித வைத்தியத்திடமிருந்து கடன் வாங்குவதே வழக்கம். இங்கே கடன் கொடுத்தது. 1958இல் சுவிற்சலாந்துச் சத்திரவைத்தியர்கள் ஒன்றுகூடித் தகடு, திருகாணி முறைகளை ஒழுங்குபடுத்தினர். 1969இல் மிருக வைத்தியரும் அந்நாட்டில் அவ்வாறே ஒன்றுகூடினர்.

தகடு ஊசியினும் உறுதியானது, திருகுவதையும் தடுக்கும். அதற்கும் தொல்லைகள் உண்டு. ஜெர்மானியராகிய யூலியஸ் வொல்ஃப் 1892இல் எடுத்துரைத்த விதியின்படி, சுமை தாங்கும் என்பு தடிக்கும்; சுமையற்ற என்பு மெலியும். அளவுக்கு மீறிய பெரிய தகட்டைச் சிறிய நாயின் காலில் வைத்தால், சுமை முழுவதையும் தகடே தாங்கிக்கொள்ள, கீழேயுள்ள என்பு நாளடைவில் இளைத்துப்போகும். கையிலிருந்து குதித்து முன்னங்கால் முறித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு சாதி நாய்களில் இதனை அடிக்கடி காணலாம். மணிக்கட்டுக்கு மேலே அவற்றின் என்புக்குக் குருதி ஓட்டமும் குறைவு. அவ்விடத்தை வெறுங் கட்டினால் மட்டும் குணப்படுத்த முயல்வது பெரும்பாலும் வீண்.

கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதிருந்தாலன்றிக் கட்டினாற் பயனில்லை. தொடையென்பில் இடுப்பு மூட்டைக் கட்டுவது எவ்வாறு? முடியாது. அங்கே பனைமட்டைச் சிம்பு வைத்துக் கட்டினால், அது முறிவுக்குக் கீழே பாரமாகத் தொங்கி மேலும் கெடுக்கும். இறுகக் கட்டிய துணியினாற் குருதி ஓட்டம் தடைப்பட்டுக் கால் அழுகி, ஈற்றில் வெட்டியெடுக்க நேரும் அவலத்தை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

உலோகத்தைச் சூழ்ந்து கிருமி தொற்றுவது மற்றொரு பெருந்தொல்லை. பற்றீரியாக்கள் உலோகத்தின் மேற்பரப்பில் ஒருவகைக் கோழைப் படலத்தை அமைத்து அதனுள் ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே எளிதிற் சென்றடையாது. மருந்து கொடுக்கும்போது புண் ஆறுவதும், நிறுத்தியதும் சீழ் வடிவதும் இதன் அறிகுறி. உடனே உலோகத்தை எடுத்துவிடும்படி வீட்டார் வற்புறுத்துவர். ஆனால் அது முறிவை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பின் எடுத்தலாகாது. கிருமி இருப்பினும் அசையாத என்பு பொருந்தும்; அசையும் என்பு பொருந்தாது. பொருந்திய பின்னரே உலோகத்தை அகற்றுவோம்; புண்ணும் அப்போது ஆறும்.

முன்னாளில் உலோகமே அரிபட்டதுமுண்டு. 1937இல் அமெரிக்காவில் வெனபிள், ஸ்டக் என்போர் செய்த சோதனைகள் ஓர் உண்மையைப் புலப்படுத்தின: இருவேறு உலோகங்கள் உடம்பில் ஒன்றாயிருந்தால் மின்னோட்டம் உண்டாகி அவை அரிபடும், சூழவுள்ள என்பும் கெடும். ஆதலால் ஒரு தகட்டுக்கு அதே உலோகத் திருகாணிகளையே இன்று பயன்படுத்துகின்றோம்.

பூனையின் செய்தி வேறு. நியூயோர்க் நகரில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. பூனையின் என்பு பொதுவாக விரைந்து பொருந்தும். கணைக்காலென்பு மட்டும் சிலவேளை முரண்டுபிடிக்கும். பூனை வளர்ப்போரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுண்டு: வலி தணிக்கவென்று பரசிற்றமோல் வில்லையைப் பூனைக்குக் கொடாதீர்கள். ஒரு வில்லையே அதன் உயிரைப் போக்கவல்லது.

அடிபட்ட மிருகத்தைப் பலகையொன்றிற் கிடத்திக் கொண்டுவாருங்கள். வலியால் வளர்த்தவரையும் நாய் கடிக்கும். மூச்சு முட்டாதிருந்தால் மட்டும் வாயைத் துணியாற் கட்டலாம். நாம் முதலிற் பார்ப்பது காலையன்று, நெஞ்சையும் வயிற்றையுமே. நுரையீரலோ சலப்பையோ கிழிந்திருப்பின் என்பு காத்திருக்கட்டும்.

அந்த நாய்க்கு மறுபடியும் சத்திரசிகிச்சை செய்தேன். வளைந்த ஊசியை அகற்றித் தகடு வைத்து, தோளருகேயுள்ள என்பிலிருந்து பஞ்சுபோன்ற பகுதியைச் சுரண்டியெடுத்து முறிவிலே இட்டேன். இம்முறை வீட்டுக்காரர் அதனை ஒரு சிறு கூட்டில் அடைத்து, கழுத்துக்கயிற்றிலன்றி வெளியே விடவேயில்லை. பன்னிரண்டாம் வாரத்துப் படத்தில் முறிவுக் கோடு மறைந்திருந்தது. தகடு இன்னும் அதன் தொடையிலேயே இருக்கின்றது. எடுக்கவேண்டிய காரணம் எதுவும் இதுவரை தோன்றவில்லை.