விருந்தாளியா, வீட்டுக்காரியா?
அக்கரைக்கு வாழ்க்கைப்படும் பெண்கள் அறிய வேண்டியவை

"மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார்" என்றால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பெண் வீட்டாரின் முகம் மலர்ந்துவிடும். ஜாதகம் பார்ப்பார்கள். நகை பேசுவார்கள். மண்டபம் பிடிப்பார்கள். ஆனால், ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

"மாப்பிள்ளை கையில் இருக்கும் அட்டை என்ன நிறம்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

நிறத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பெண்ணின் வாழ்வே அதில்தான் இருக்கிறது!

கப்பல் காலம்

அக்கரைச் சீமை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கடாரம் வென்ற ராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவன் படை கடல் தாண்டியது 1025-ம் ஆண்டு வாக்கில். பின்னாளில் கூலிக்கும் வியாபாரத்துக்கும் நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 'ரஜூலா' கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆண்கள் போனார்கள். மனைவிமார் பலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

1953-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுச் சட்டம் கடுமையாயிற்று. 1959-ல் இன்னும் இறுகியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து 5 ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்குக் கதவு அடைபட்டது. "அடுத்த வருஷம் அழைத்துக்கொள்கிறேன்" என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர்களின் குடும்பங்கள் கடலுக்கு இரு பக்கமும் பிரிந்து நின்றன. நாள் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நீலமும் சிவப்பும்

இப்போது அட்டைக்கு வருவோம்.

சிங்கப்பூரில் இளஞ்சிவப்பு அட்டை வைத்திருப்பவர் குடிமகன். நீல அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. மலேசியாவில் இது தலைகீழ். அங்கே நீல அட்டைதான் குடிமகனுக்கு. நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை!

இந்த இரண்டு அட்டையும் இல்லாமல், வெறும் வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் ஏராளம். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அவர்கள் உழைப்பு உயர்ந்தது. ஆனால் வேலை பெர்மிட்டை வைத்து மனைவியை அங்கே குடிவைக்க முடியாது. இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தாலி ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்?

பெயர் 'விருந்தாளி'

கணவன் குடிமகனாகவே இருக்கட்டும். மனைவி விமானத்தை விட்டு இறங்கியதும் அந்நாட்டு வாசி ஆகிவிடுவாளா? இல்லை. சிங்கப்பூரில் அவளுக்கு முதலில் கிடைப்பது சில வார வருகை அனுமதி. அடுத்து, கணவன் பொறுப்பேற்று மனுப் போட்டால் 'நீண்டகால வருகை அனுமதி' கிடைக்கலாம். குடிமகனின் மனைவிக்குக் கூடுதல் சலுகையுள்ள அனுமதி ஒன்று 2012 முதல் இருக்கிறது. நிரந்தரவாசத்துக்குத் தனியாக மனுப் போட வேண்டும். குடிமகனை மணப்பவர்கள், நீண்டகால அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டா என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டறியும் வசதி 2015-ல் வந்தது. இதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மலேசியாவில் மனைவிக்குக் கிடைப்பது 'நீண்டகால சமூக வருகை பாஸ்'. அந்த பாஸில் தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பிறகே நிரந்தரவாசத்துக்கு மனுப் போடலாம். சமைக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் காகிதத்தில் அவள் பெயர் விருந்தாளிதான்! அனுமதி வாங்காமல் வேலைக்கும் போக முடியாது.

மனு வேறு, அனுமதி வேறு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "மனுப் போட்டாயிற்று, இனித் தங்கலாம்" என்று நினைக்கிறார்கள். அது தவறு. நிரந்தரவாச மனு நிலுவையில் இருப்பதாலேயே தங்கும் நாள் நீளாது. கையில் உள்ள அனுமதி முடிவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் குற்றம்தான். அபராதம், சிறை, மறுபடி நுழையத் தடை என்று அது வளரும். பிறகு போடும் மனுவையும் அது கெடுக்கும்.

மனு ஏற்கப்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. "விசிட் விசாவில் அனுப்புகிறேன், போனதும் பி.ஆர். வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். அதைக் கொடுக்கும் அதிகாரம் அந்நாட்டுக் குடிநுழைவு இலாகாவுக்கு மட்டுமே உண்டு.

ஊரிலேயே செய்ய வேண்டியவை

முதலில் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் நடந்தாலும், பள்ளிவாசலில் நடந்தாலும், மாதா கோயிலில் நடந்தாலும் தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. ஜமாஅத் தப்தரில் எழுதியது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்து, பெயர். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் வேறு இனிஷியல், பாஸ்போர்ட்டில் மூன்றாவது எழுத்துக் கூட்டல் என்று இருந்தால் அங்கே மனு நின்றுவிடும். இரு மாவட்டத்துக்கும் திருச்சிதான் பாஸ்போர்ட் ஆபீஸ். பாஸ்போர்ட் எடுக்கும்போதே பெயர்களை ஒன்றாக்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகும் சான்றுகளில் 'அப்போஸ்தில்' முத்திரை வாங்கலாம். இதை நம் வெளியுறவு அமைச்சகம் அளிக்கிறது. சிங்கப்பூர் 2021 முதல் இதை ஏற்கிறது.

கணவன் கையெழுத்து

கடைசியாக ஒன்று. வருகை பாஸைப் புதுப்பிக்கக் கணவனின் பொறுப்புக் கையெழுத்து வேண்டும். மனஸ்தாபம் வந்து அவன் மறுத்தால், பெண்ணின் நிலை ஆடிப்போகும். ஆகவே பாஸ்போர்ட் எப்போதும் அவள் கையிலேயே இருக்கட்டும். எல்லாச் சான்றுகளுக்கும் நகல் எடுத்து ஒரு கட்டு தாய் வீட்டில் வையுங்கள். பாஸ் முடியும் தேதி அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இக்கட்டு நேர்ந்தால், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இந்தியத் தூதரகம் உண்டு என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

பெண்ணுக்குச் சீர் வரிசை வைக்கிறோம். பித்தளைப் பாத்திரம் முதல் பட்டுப் புடவை வரை எண்ணி எண்ணி அடுக்குகிறோம். அந்த வரிசையில் இந்தக் காகிதக் கட்டையும் சேர்த்து வையுங்கள். விருந்தாளியாகப் போகிறவள் வீட்டுக்காரியாக நிலைக்க அதுவே துணை!