தம்மும் தொப்பையும்

"தம்மை விட்டா குண்டாயிடுவியே, பரவாயில்லையா?"

சிகரெட்டை விடலாமான்னு யோசிக்கிற எவனையும் பார்த்து உலகம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நம்மூர்ப் பெட்டிக்கடை வாசலில் கேட்டிருக்கேன். இங்கே கிளாஸ்கோவில், மழையில் நனைஞ்சுகிட்டே பப் வாசலில் நின்னு ஊதுற என் வகுப்புப் பிள்ளைங்க வாயாலும் கேட்டாச்சு. (ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சிலிருந்து பப்புக்கு உள்ளே ஊதக்கூடாது. எவ்வளவு குளிரானாலும் வாசல்தான் கதி.) அதில் ஒரு பொண்ணு ஒளிவுமறைவே இல்லாம சொல்லுச்சு, மதியச் சாப்பாட்டுக்குப் பதிலா ரெண்டு சிகரெட்டாம். உடம்பு ஏறாம இருக்குதாம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பாலிமர் படிக்கிறவன். வீட்டில் ஒரு கேஸ் ஓடிக்கிட்டு இருக்கு, அதனால ரெண்டு வாரமா லைப்ரரியில் சொந்தப் படிப்பை விட்டுட்டு இதையே நோண்டிக்கிட்டு இருந்தேன். கைடு இந்தப் பக்கம் வரமாட்டார்ங்கிற தைரியத்தில் எழுதறேன் :-)

அந்தப் பொண்ணு சொன்னது முழுப் பொய்யில்லை. சிகரெட் நிஜமாவே எடையைப் பிடிச்சு வைக்குது. 1986ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு சோதனை பண்ணினாங்க. சிகரெட் பிடிக்கிற எட்டுப் பேரை, உடம்பு செலவழிக்கிற சக்தியை அளக்கிற ஒரு அடைச்ச அறைக்குள்ள 24 மணி நேரம் வெச்சாங்க. ஒரு நாள் 24 சிகரெட்டோட, இன்னொரு நாள் ஒண்ணுகூட இல்லாம. சாப்பாடு, நடமாட்டம் எல்லாம் ரெண்டு நாளும் ஒரே மாதிரி. புகைச்ச நாளில் உடம்பு சுமார் பத்து சதவீதம் கூடுதலாச் செலவழிச்சிருக்கு, அதாவது ஏறக்குறைய 200 கலோரி. நம்ம கணக்கில் நாலு இட்லி.

அந்த நாலு இட்லியை எரிக்கிறது யாரு? நிகோட்டின் போய் அட்ரினலினைக் கிளப்பி விடுது. இதயம் வேகமா அடிக்குது, ரத்த அழுத்தம் ஏறுது. சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பை ஓடுற உடம்பு மாதிரி நடிக்க வைக்குது. வண்டியை நிறுத்தி வெச்சுட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பெட்ரோல் செலவாகும்தான், வண்டி எங்கேயும் போகாது. இங்கே ஒரு பாக்கெட் 15 பவுண்டுக்கு மேல. அதே 200 கலோரியை ஒரு மணி நேரம் கெல்வின் நதியோரம் நடந்தா ஓசியில் எரிச்சுடலாம். இதயத்துக்கும் நல்லது.

இன்னொரு பாதி வேலை மூளையில். 2011ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க: மூளைக்கு அடியில் ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்கே "வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னு சொல்ற நரம்பு செல்கள் இருக்கு. நிகோட்டின் நேரா அங்கே போய்த் தட்டுது. எலி கம்மியாச் சாப்பிடுது. இதுல வேடிக்கை என்னன்னா, ஆளை அடிமையாக்க நிகோட்டின் தட்டுற கதவு வேற, பசியை அடக்கத் தட்டுற கதவு வேற.

எலியை வெச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே சிகரெட் கம்பெனிக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருந்தது. 1928 வாக்கில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, இனிப்புக்குக் கை நீட்டாதே, ஒரு லக்கி ஸ்டிரைக்கை எடுன்னு பெண்களைக் குறிவெச்சு விளம்பரம் போட்டது. மிட்டாய் கம்பெனிகள் கொதிச்சுப் போய் சண்டைக்கு வந்தாங்க. புகையிலைக்கும் சர்க்கரைக்கும் நடந்த குடுமிப்பிடிச் சண்டையில் யார் பக்கம் நிக்கறதுன்னே தெரியலை போங்க! 1968ல் ஃபிலிப் மாரிஸ் பெண்களுக்குன்னே ஒரு பிராண்டை இறக்கி, 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்'னு பேரு வெச்சது. பேரிலேயே ஒல்லி. இத்தனை வருஷம் கழிச்சு என் வகுப்புப் பொண்ணு மழையில் நின்னு பேசறது அந்த விளம்பரத்தோட மிச்சம்தான்.

விளம்பரத்தில் சொல்லாம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. எடை மெஷின் காட்டுறது மொத்த எடை மட்டும்தான். கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்குன்னு காட்டாது. புகைக்கிறவங்க எடையில் கம்மியா இருந்தாலும் கொழுப்பு வயித்துக்குள்ள, குடல் ஈரலைச் சுத்திப் போய் உட்காருது. 2024ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்காரங்க மரபணுக் கணக்கை வெச்சுப் பார்த்து, புகைபிடிக்கிறதே இந்த உள்வயித்துக் கொழுப்பு கூடக் காரணம்னு எழுதினாங்க. சர்க்கரை வியாதியோட கூட்டாளி இந்தக் கொழுப்புதான். புகைக்கிறவங்களுக்குச் சர்க்கரை வியாதி வர வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம்னு அமெரிக்க சர்ஜன் ஜெனரலோட 2014 அறிக்கை சொல்லுது. ஒரு நாளைக்கு நிறைய ஊதுறவங்க, கொஞ்சமா ஊதுறவங்களை விட எடை கூடுதலாவும் இருக்காங்க. தண்ணி, நொறுக்குத்தீனி, அசையாம உட்கார்ந்திருக்கிறது எல்லாம் கூடவே வர்ற சொந்தக்காரங்க இல்லையா.

நமக்கு இது ரெட்டை அடி. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிற ஆளு உங்க தெருவிலும் உண்டு, என் தெருவிலும் உண்டு. தெற்காசிய உடம்பே அப்படி. அதனாலதான் நம்மாளுங்களுக்கு ஆபத்துக் கோடு பிஎம்ஐ 25லேயே இல்ல, 23லேயே ஆரம்பிக்குது. இடுப்புச் சுத்தளவில் ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. தம்மடிச்சு ஒல்லியா இருக்கேன்னு நினைக்கிறவர் ஒரு தடவை டேப்பை எடுத்துச் சுத்திப் பார்க்கணும்.

இப்ப வீட்டுக் கேஸ். எங்க வீட்டில் திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருத்தர். ஆராய்ச்சிப் படிப்பு கடைசி வருஷம், பன்னெண்டு வருஷமாத் தம். ஜனவரியில் விட்டார். தெருமுனை மருந்துக்கடையில் நிகோட்டின் பேட்ச் இலவசமாவே கொடுத்தாங்க. மூணு மாசத்தில் 68 கிலோ 73 ஆச்சு. வீடியோவில் பார்த்த அவங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "இப்பத்தான்யா முகத்துல களை வந்திருக்கு"ன்னு. அண்ணனுக்கு பேண்ட் பட்டன் போடலைன்னு துக்கம். போன வாரம் சமையக்கட்டில் உட்கார்ந்து, "தம்பி, இதுக்கு அதே பரவாயில்லடா. ஒரு நாளைக்கு நாலே நாலுன்னு வெச்சுக்கிட்டா என்ன?"ன்னார்.

நான் பயந்தது அந்த "நாலே நாலு"க்குத்தான். பன்னெண்டு வருஷம் முன்னாடியும் நாலில்தானே ஆரம்பிச்சிருப்பார்?

"அண்ணே, ஒரு நிமிஷம் உட்காருங்க"ன்னு நான் படிச்சதை எடுத்துக் காட்டினேன். 2012ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 62 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டாங்க. தம்மை விட்டவங்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரி 4.7 கிலோ ஏறியிருக்கு. அதில் பாதிக்கு மேல முதல் மூணு மாசத்திலேயே ஏறிடுது, அப்புறம் வேகம் குறையுது. பத்து கிலோவுக்கு மேல ஏறினவங்க சுமார் 13 சதவீதம். ஆறில் ஒருத்தருக்கு எடை குறைஞ்சே இருக்கு. அதாவது அவர் ஏற்கெனவே மோசமான பகுதியைத் தாண்டியாச்சு.

"ஏறினது ஏறினதுதானேடா?"ன்னார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறவங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2018ல் வந்த ஆய்வு அதுக்குப் பதில் சொல்லுது. விட்டு எடை ஏறினவங்களுக்குச் சர்க்கரை வியாதி அபாயம் கொஞ்ச வருஷம் கூடுது, மறைக்க வேண்டியதில்லை. அஞ்சு முதல் ஏழு வருஷத்தில் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்குது. ஆனா பத்து கிலோவுக்கு மேல ஏறினவங்களுக்குக்கூட, தொடர்ந்து புகைச்சவங்களை விடச் சாகிற அபாயம் சுமார் பாதிதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வை வெச்சு 2003ல் போட்ட கணக்கு ஒண்ணும் இருக்கு: குண்டாவும் இருந்து தம்மும் அடிச்சா ஆயுசில் சுமார் 13 வருஷம் போயிடுது. குண்டாகிடுவோம்னு பயந்து திரும்ப ஆரம்பிச்சவர் எடையும் குறையாம, தம்மும் விடாம நின்னா அந்தக் கூட்டத்தில்தான் போய்ச் சேரணும்.

அண்ணன் ஒண்ணும் பேசலை. எந்திரிச்சுப் போய்ப் பழைய பெல்ட்டை எடுத்துக்கிட்டு வந்தார். அதில் தேய்ஞ்சிருந்த ஓட்டை, தம்மடிச்ச காலத்து ஓட்டை. டேப் வெச்சு அளந்தா 92 சென்டிமீட்டர். 68 கிலோவா இருந்தப்பவே கோட்டைத் தாண்டித்தான் இருந்திருக்கார்! "அடப்பாவி, தொப்பை அப்பவே இருந்திருக்காடா"ன்னு சிரிச்சார்.

இப்போதைக்கு எங்க ஏற்பாடு இதுதான். பட்டினி டயட் எதுவும் கிடையாது, ஒரே நேரத்தில் ரெண்டு பிசாசோட சண்டை போட வேண்டாம்னு என் அபிப்பிராயம். பேட்ச் தொடருது, நிகோட்டின் உள்ளே போற வரைக்கும் எடை ஏறுற வேகம் மட்டுப்படும். சிகரெட் இருந்த இடத்துக்குக் குடிவந்த மிக்சர் பாக்கெட்டை நான் என் ரூமில் வெச்சுப் பூட்டியாச்சு. (எனக்கு எடை ஏறுது, அது வேற கதை.) நாக்கு செத்துக் கிடந்தது திரும்ப வந்திருக்கு, ரசத்தில் பெருங்காயம் கம்மின்னு குறை சொல்ற அளவுக்கு.

பிரச்சினை சாயங்காலம் நாலுலேருந்து ஆறு மணிதான். லேப் முடிஞ்சு வர்ற நேரம், கை பாக்கெட்டைத் தேடுது. நடக்கக் கூட்டிக்கிட்டுப் போறேன், மழை பெய்ஞ்சா அதுவும் இல்லை. தம்மை விட்ட அண்ணாச்சிமார் யாராச்சும் இருந்தா, முதல் ஆறு மாசம் அந்த ரெண்டு மணி நேரத்தை எப்படி ஓட்டினீங்கன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து படிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.