மண்புழுத் தொட்டி நாறுதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

பால்கனியில மண்புழுத் தொட்டி வைச்ச நிறைய பேர் கேட்கிற கேள்வி ஒண்ணு: "தொட்டி நாறுது, புழு எல்லாம் சுவர்ல ஏறி வெளிய வருது. தூக்கிப் போட்டுடலாமா?"

வேண்டாம். ஆனா தள்ளியும் போடாதீங்க. உள்ள இருக்கிறது உயிர். நாம தாமதிச்சா சில நாள்லயே செத்துப்போகும். நம்ம பாஷையில சொன்னா, நாத்தம்ங்கிறது எரர் மெசேஜ். அதைப் படிக்கத் தெரிஞ்சா போதும்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலாலதான் சுவாசிக்கும். அதனால தொட்டியில ஈரமும் வேணும், காற்றும் வேணும். தண்ணி அதிகமானா இடைவெளி எல்லாம் அடைபட்டுடும். அப்போ ஆக்சிஜன் இல்லாம வாழுற பாக்டீரியா பெருகும். அழுகின முட்டை வாசனை அங்கிருந்துதான் வருது.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. தண்ணி ஒழுகினா, கிழிச்ச செய்தித்தாள், அட்டைப்பெட்டித் துண்டு, காய்ஞ்ச இலை சேர்த்து லேசா கிளறி விடுங்க. அடியில வடிகால் ஓட்டை அடைச்சிருக்கான்னும் பாருங்க. தென்னை நார்க்கழிவு போடுறீங்கன்னா நல்லா கழுவிப் போடுங்க, அதுல உப்பு இருக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. புழுவுக்குப் பல் கிடையாது. நுண்ணுயிர்கள் மெத்துனு ஆக்கினதைத்தான் சாப்பிடும். அதனால காய்கறித் தோலைப் பொடியா நறுக்கிப் போடுங்க. ஒரு கிலோ புழு இருந்தா, தினம் கால் கிலோவுல ஆரம்பிக்கலாம். போன தடவை போட்டது அப்படியே கிடந்தா, புதுசா போடாதீங்க. குவிஞ்ச கழிவு அழுகும்போது சூடும் ஏறும்.

சாம்பார் சாதம், ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், கறி, மீன், பால் எதுவும் வேண்டாம். எலுமிச்சைத் தோல், வெங்காயம், மிளகாய் நிறைய சேரக் கூடாது. முட்டை ஓட்டைக் கழுவி, காயவச்சு, பொடிச்சுத் தூவுங்க. அது புளிப்பைக் குறைக்கும், புழுவோட அரைவைப்பைக்குள்ள உணவை அரைக்கவும் உதவும்.

மூணாவது வெயில். பலர் வாங்குற ஐசீனியா ஃபெடிடா வகைக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ்தான் சுகம். 35ஐத் தாண்டினா ஆபத்து. சென்னையில மே மாசம் எப்படின்னு நான் சொல்லணுமா! தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, மேல ஈரக் கோணிச்சாக்கு போடுங்க. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் வெப்பமண்டலத்து வகை, நம்ம ஊர் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

எறும்பு வருதா? பெரும்பாலும் தொட்டி காய்ஞ்சிருக்கும். தண்ணி தெளிச்சுட்டு, தொட்டியோட கால்களைத் தண்ணிக் கிண்ணத்துல நிக்க வைங்க. பழ ஈ மொய்ச்சா, கழிவை மேல விடாம காகிதத்துக்கு அடியில புதைங்க.

புதுசா விட்ட புழு முதல் ஒண்ணு ரெண்டு ராத்திரி வெளிய வரப் பார்க்கும். அது இயல்பு. வெளிச்சம் அதுக்குப் பிடிக்காது, ராத்திரி பக்கத்துல ஒரு பல்பு எரிய விடுங்க. ஒரு வாரம் கழிச்சும் ஏறி வந்தா, ஈரம், சாப்பாடு, சூடு, இந்த மூணையும் வரிசையா செக் பண்ணுங்க.

எல்லாம் சரியா இருந்தா எப்படித் தெரியும்? மழை பெஞ்ச மண் வாசனை வரும். கிளறினா எலுமிச்சை வடிவத்துல குட்டிக் குட்டிக் கூடுகள் தெரியும். அதுதான் முட்டைக்கூடு. உங்க தொட்டியில அடுத்த தலைமுறை தயாராகுதுன்னு அர்த்தம்.